நெடுமேனியாள் அன்னா ஸ்வான்

கானடாவின் கீழ்க்கரையில், அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் நீண்டு கிடக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணத்திலே, டாடமகூஷ் என்றொரு சிற்றூர் உண்டு. ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்பைத் தேடிக் கப்பலேறி வந்த குடும்பங்கள் காட்டை வெட்டித் திருத்திக் குடியிருந்த அந்தப் பிரதேசத்தில், மில் புரூக் என்ற இடத்தில் வாழ்ந்த அலெக்ஸாண்டர் ஸ்வானுக்கும் அவர் மனைவி ஆனுக்கும், 1846-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ஆம் தேதி ஒரு பெண் மகவு பிறந்தது. தாய் பெற்ற பதின்மூன்று மக்களில் அது மூன்றாவது. பிறந்தபோதே அதன் எடை 18 பவுண்டு. பெற்றோரும் சரி, உடன்பிறந்தோரும் சரி, ஊரிலுள்ள மற்றவர்களைப் போன்ற சாதாரண உயரத்தினரே. இந்தக் குழந்தை மட்டும் நிற்காமல் வளர்ந்துகொண்டே போயிற்று. நான்கு வயதில் நாலரை அடி என்றும், ஆறு வயதில் தாயின் தோளையும் தலையையும் எட்டிப் பிடித்துவிட்டாள் என்றும், பதினைந்து வயதில் ஏழு அடி என்றும் அவளைப் பற்றிய பழைய வரலாறுகள் சொல்லும். அன்னா ஹெய்னிங் ஸ்வான் என்பது அவள் பெயர்.

சாதாரண மனிதருக்கென்று அமைந்த ஒரு வீட்டில் அத்தகைய தேகத்தோடு ஒரு பெண் எவ்வாறு காலங் கழித்திருப்பாள் என்பதைச் சற்று நிதானித்து நினைத்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவளுக்காக மேஜையின் கீழே பலகைகளைக் கொடுத்து உயர்த்தினார்களாம். வீட்டில் உணவு வேளையில் மற்றவர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருக்க, அவள் தரையிலே உட்கார்ந்து சுவரில் சாய்ந்தபடி சாப்பிடுவாளாம். குடியானவன் வீட்டில் துணி என்பது எளிதில் கிடைப்பதன்று. மூன்று பெண்களுக்குத் தைக்கக்கூடிய துணியை ஒருத்திக்கே தைக்க வேண்டியிருந்த அந்தத் தாயின் கவலையும், பார்க்கிறவர்களெல்லாம் தன்னைத் தலை முதல் கால் வரை கண்ணால் அளந்துகொண்டே பேசுவதைச் சிறு பிராயத்திலேயே உணர்ந்துகொண்ட மகளின் கூச்சமும் எந்தச் சரித்திர நூலிலும் எழுதப்படவில்லை. ஆயினும் அவற்றை அறியாதவர்க்கு அவளுடைய பிற்கால வாழ்வின் பொருள் விளங்காது.

அன்னா நன்றாகப் படிக்கிற பெண். இலக்கியத்திலும் சங்கீதத்திலும் அவளுக்கு மிகுந்த நாட்டம். உபாத்தியாயினி ஆக வேண்டும் என்பதே அவளுடைய மனோரதம். அதற்காக ட்ரூரோ நகரத்திலிருந்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். ஆனால் தெருவில் அவள் கால் வைத்தவுடனே சிறுவர் கூட்டம் பின்தொடர்ந்தது. பெரியவர்களும் நின்று வாய் பிளந்து பார்த்தார்கள். எந்த வகுப்பில் நின்று பாடம் சொல்ல விரும்பினாளோ, அந்த வகுப்பே தன்னை வேடிக்கை பார்க்கும் என்பது அவளுக்கு விரைவில் புலப்பட்டிருக்க வேண்டும். படிப்பை முடிக்காமலே ஊர் திரும்பினாள். இந்தச் சிறிய தோல்வியை அவள் சரித்திரத்தை எழுதுவோர் இரண்டு வரிகளில் கடந்துவிடுகிறார்கள்; எனக்கோ இதுவே அவள் வாழ்வின் திருப்பம் என்று தோன்றுகிறது. ஊரார் இலவசமாகப் பார்த்துச் சிரித்ததை இனிக் காசு கொடுத்துப் பார்க்கட்டும் என்ற நிலைக்கு ஒரு பதினாறு வயதுப் பெண் வந்து சேர்ந்தாள் என்றால், அதற்கு முன்னால் வேறு கதவுகள் அவளுக்கு அடைபட்டிருந்தன என்பதே காரணம்.

நெடிய மனிதர்களைக் காட்டிப் பணம் ஈட்டும் தொழில் அப்போது புதிதன்று. ஐரோப்பாவின் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் அது நெடுங்காலமாக நடந்துவந்தது. லண்டனில் 1782-ஆம் வருஷம் வந்திறங்கிய சார்லஸ் பர்ன் என்ற ஐரிஷ்காரன் ஒரு வருஷ காலம் நகரத்தின் பேச்சாக விளங்கி, மதுவுக்கு அடிமையாகி, சேர்த்த பணத்தைத் திருட்டுக் கொடுத்து, 1783-இல் இருபத்திரண்டே வயதில் இறந்துபோனான். தன் உடலை வைத்தியர்கள் அறுத்துப் பார்ப்பார்கள் என்று அஞ்சி, தன்னைக் கடலில் அடக்கம் செய்துவிடும்படி நண்பர்களிடம் அவன் வேண்டியிருந்தான். ஜான் ஹண்டர் என்னும் புகழ்பெற்ற ரண வைத்தியர் பணம் கொடுத்து அவ்வுடலைக் கைப்பற்றினார். அந்த எலும்புக்கூடு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் லண்டன் ரண வைத்தியர் கல்லூரியின் காட்சிசாலையில் கண்ணாடிக்குள் நின்றது. 2023-இல் அந்தக் காட்சிசாலையைப் புதுப்பித்துத் திறந்தபோதுதான் அதைப் பொதுமக்கள் பார்வையிலிருந்து அகற்றினார்கள். பர்னுடைய கதி அத்தொழிலில் இருந்த எல்லா நெடியோருக்கும் தெரிந்த கதை. உயிரோடிருக்கும்வரை வேடிக்கைக்காரனுக்கு உடைமை, இறந்தபின் வைத்தியனுக்கு உடைமை என்ற அச்சம் அவர்களை விட்டு நீங்கியதில்லை.

அன்னாவின் காலத்தில் இத்தொழிலுக்கு ஒரு புதிய மாளிகையும் ஒரு புதிய எஜமானனும் கிடைத்திருந்தனர். நியூயார்க் நகரத்தில் பிராட்வே வீதியும் ஆன் வீதியும் சந்திக்கும் மூலையில் இருந்த அமெரிக்கன் மியூசியத்தை 1841-இல் விலைக்கு வாங்கிய பினியஸ் டெய்லர் பார்னம் என்பவன், கூடாரத்தில் நடந்த வேடிக்கையைக் குடும்பத்தோடு சென்று பார்க்கத்தக்க கௌரவமான பொழுதுபோக்காக மாற்றினான். இருபத்தைந்து சென்ட் கட்டணத்துக்கு அங்கே பாடம் செய்த மிருகங்கள், மெழுகுப் பதுமைகள், மீன்தொட்டிகள், நீதி போதிக்கும் நாடகங்கள், அவற்றோடு அபூர்வ தேகம் படைத்த மனிதர்கள் எல்லாவற்றையும் காணலாம். அம்மனிதர்கள் நல்ல உடையணிந்து, வந்தவர்களோடு மரியாதையாகச் சம்பாஷித்து, தங்கள் வாழ்க்கை வரலாறு அச்சிட்ட சிறு புத்தகங்களையும் புகைப்பட அட்டைகளையும் விற்றார்கள். இந்த அட்டைகளை வாங்கி வீட்டு ஆல்பத்தில் ராஜாக்கள், படைத்தலைவர்கள் ஆகியோரின் படங்களுக்கு நடுவே ஒட்டிவைப்பது அக்காலத்தில் பரவிய வழக்கம்.

பார்னம் விற்ற சரக்கு இன்னதென்று கூர்ந்து பார்த்தால், அது உயரமும் அன்று, குள்ளமும் அன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே அது. தனியே நிற்கும் நெடிய பெண் ஒருத்தியின் உயரம் கண்ணுக்கு முழுவதும் புலப்படாது. இருபத்தொன்பது அங்குல உயரமே உள்ள கமடோர் நட் என்ற வாலிபன் அவள் முழங்காலருகே நின்றால்தான் பார்வையாளன் திடுக்கிடுவான். அந்தத் திடுக்கிடலை அதிகமாக்குவதற்கு எண்களும் வேண்டியிருந்தன. நான்கு வயதுக் குழந்தையான சார்லஸ் ஸ்ட்ராட்டனை ‘ஜெனரல் டாம் தம்ப்’ என்று பெயரிட்டுக் கொண்டுவந்தபோது, பதினொரு வயது என்று விளம்பரம் செய்தவன் பார்னம். குழந்தை குள்ளமாயிருப்பதில் வியப்பென்ன என்று யாரும் கேட்டுவிடக் கூடாதல்லவா? குள்ளர்க்கு வயதைக் கூட்டினான். நெடியோர்க்கு அங்குலத்தைக் கூட்டினான். அன்னாவை எட்டு அடி ஒரு அங்குலம் என்று சுவரொட்டிகள் முழங்கின. அவளுடைய உண்மையான உயரம் ஏழு அடி ஐந்தரை அங்குலம் என்று கின்னஸ் பதிவு நூல் பின்னாளில் குறித்திருக்கிறது. உலகத்தில் கோடியில் ஒருத்தியாக வளர்ந்த பெண்ணின் மெய்யான உயரமும் அந்தத் தொழிலுக்குப் போதவில்லை!

பார்னம் தன் சுயசரிதையில் அன்னாவைப் பற்றி முதன்முதலில் தனக்குச் சொன்னவர் தன் அலுவலகத்துக்கு வந்த ஒரு குவேக்கர் மதத்தினர் என்று எழுதியிருக்கிறான். உடனே ஆளனுப்பினான். 1862-ஆம் வருஷம் அன்னா தாயுடன் நியூயார்க்குக்கு வந்து சேர்ந்தாள். நாள்தோறும் மூன்று மணி நேரம் ஆசிரியர் ஒருவரைக் கொண்டு கல்வி கற்பிக்க வேண்டும் என்பது உடன்படிக்கையில் அவள் குடும்பம் கேட்டுப் பெற்ற நிபந்தனை என்பர். ட்ரூரோவில் அறுந்துபோன படிப்பின் இழையை அவள் பிராட்வேயில் தேடி எடுத்துக்கொண்டாள் என்று எண்ணும்போது அவள்மீது பெருமதிப்பு உண்டாகிறது. பாட்டும் பியானோவும் கற்றாள். மேடையில் லேடி மாக்பெத் வேஷம் தரித்து நடித்தாள். அறிவு மிக்கவள் என்று பார்னமே எழுதிவைத்திருக்கிறான்.

ஆனால் அந்த எஜமானனுடைய மனப்பாங்கை விளக்க அதே சுயசரிதையிலிருந்து மற்றொரு செய்தியையும் சொல்லவேண்டும். அவனிடம் வேலை பார்த்த இரண்டு நெடிய ஆண்கள், பிஹின் என்பவனும் அராபியன் என்று விளம்பரம் செய்யப்பட்ட கோஷனும், ஒருநாள் பொறாமையால் ஒருவரையொருவர் திட்டி, ஆயுதங்களை எடுத்துக்கொண்டு அடித்துக்கொள்ளத் துணிந்தார்களாம். பார்னம் ஓடிவந்து, சண்டையிடுவதானால் முறைப்படி விளம்பரம் செய்து மேடையிலே நடத்தவேண்டும், அவர்கள் திறமையெல்லாம் தனக்கே உரியது என்றானாம். இருவரும் சிரித்துச் சமாதானமாகிவிட்டார்கள் என்று முடிக்கிறான். அவர்கள் சிரித்தது மெய்யாக இருக்கலாம். தங்கள் கோபமும் பிறனொருவன் விற்பனைக்குரிய பொருளே என்பதைக் கேட்ட மனிதர்களின் உள்ளத்தில் அச்சிரிப்புக்குப் பின்னால் என்ன மிஞ்சியிருக்கும் என்பதை அவன் எழுதவில்லை.

1865-ஆம் வருஷம் ஜூலை மாதம் 13-ஆம் தேதி நண்பகலில் மியூசியம் தீப்பற்றிக்கொண்டது. பார்னம் அப்போது கனெக்டிகட் மாகாணச் சட்டசபையில் உறுப்பினனாக அமர்ந்திருந்தான். செய்தி தந்தியில் போயிற்று. கூண்டுகளிலிருந்த மிருகங்கள் வெந்து மாண்டன. தொட்டியிலிருந்த இரண்டு வெள்ளைத் திமிங்கிலங்கள் தப்ப வழியின்றி இறந்தன. அன்னா மேல்தளத்தில் அகப்பட்டுக்கொண்டாள் என்றும், படிக்கட்டு அவளைத் தாங்காது என்று கண்டு ஜன்னலைச் சுற்றியுள்ள சுவரை இடித்து, பாரந்தூக்கியைக் கொண்டுவந்து, பதினெட்டுப் பேர் கயிற்றைப் பிடிக்க அவளைத் தெருவில் இறக்கினார்கள் என்றும் நியூயார்க் பத்திரிகையொன்று எழுதிற்று. அந்தப் பத்திரிகைக் கட்டுரை முழுவதிலும் கற்பனை கலந்திருப்பதாலே இதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். எரிகிற வீட்டிலிருந்து உயிருக்குப் பயந்து வெளியேறிய பதினெட்டு வயதுப் பெண்ணையும் பாரந்தூக்கியில் தொங்கும் மூட்டையாகச் சித்திரித்தால்தான் வாசகனுக்குச் சுவைக்கும் என்று எழுதியவர் நினைத்தார் போலும். அவள் உயிர் தப்பினாள்; சேமித்து வைத்திருந்த பொருளையும் உடைகளையும் இழந்தாள். அவ்வளவே நிச்சயம். பார்னம் பிராட்வேயிலேயே வேறிடத்தில் மறுபடியும் மியூசியம் திறந்தான். 1868 மார்ச் மாதத்துக் கடுங்குளிரில் அதுவும் எரிந்தது. தீயணைக்கப் பீய்ச்சிய நீர் சுவர்களில் உறைந்து பனிக்கட்டியாய்த் தொங்க, எஞ்சியது கருகிய கட்டடமே.

அதன்பின் அன்னாவின் வாழ்வில் மார்ட்டின் வான் பியூரன் பேட்ஸ் பிரவேசிக்கிறான். கென்டக்கி மாகாணத்து மலைநாட்டில் வைட்ஸ்பர்க் என்ற ஊரில் 1837-இல் பிறந்த அவன், முதலில் பள்ளி ஆசிரியன். உள்நாட்டு யுத்தம் மூண்டபோது தென்னாட்டுப் படையில் சேர்ந்து காப்டன் பதவி பெற்றவன். யுத்தத்தில் தோற்ற பக்கத்தைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோரைப் போல ஜீவனோபாயத்தைத் தேடிச் சர்க்கஸில் சேர்ந்தவன். அவனுடைய உயரம் ஏழு அடி இரண்டரை அங்குலம். அன்னா ஆகவேண்டுமென்று ஆசைப்பட்ட உபாத்தியாயத் தொழிலை அவன் சிலகாலம் செய்திருந்தான் என்பதை நினைக்கையில், இருவரும் முதன்முதல் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று ஊகிக்க மனம் விழைகிறது.

1871-ஆம் வருஷ வசந்தத்தில் இருவரும் ஒரே குழுவில் அட்லாண்டிக்கைக் கடந்து இங்கிலாந்துக்குப் போனார்கள். அந்தக் குழுவில் மில்லி, கிறிஸ்டின் என்ற ஒட்டிப்பிறந்த சகோதரிகளும் இருந்தனர். வட கரோலினாவில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே விற்கப்பட்டவர்கள் அவர்கள். ஐந்து மொழிகளில் பேசவும் இரட்டைக் குரலில் இனிமையாகப் பாடவும் வல்லவர்கள் என்று கீர்த்தி பெற்றவர்கள். அடிமைத்தனத்தை நிலைநிறுத்தப் போர் புரிந்த படையின் காப்டனும், அவ்வடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட சகோதரிகளும் ஒரே மேடையில் ஒரே கட்டணத்துக்குக் காட்சி தந்தார்கள். மனிதரைக் காட்டும் தொழில் இத்தகைய சேர்க்கைகளையும் உண்டாக்கியது. விக்டோரியா மகாராணி அவர்களை வரவழைத்துப் பார்த்தார்.

ஜூன் மாதம் 17-ஆம் தேதி லண்டனில், டிரபால்கர் சதுக்கத்துக்கு அருகிலுள்ள புனித மார்ட்டின் ஆலயத்தில் அன்னாவுக்கும் பேட்ஸுக்கும் விவாகம் நிறைவேறியது. மகாராணி மணமகளுக்கு வைர மோதிரமும் மணமகனுக்குக் கைக்கு அடங்காத ஒரு பெரிய தங்கக் கடிகாரமும் பரிசளித்தார் என்பர். விளம்பரத்துக்காகச் செய்துகொண்ட கல்யாணம் என்று அவர்களைப் பற்றிப் பேசியவர்களும் இருந்திருக்கலாம். அந்தத் தொழிலில் நடந்த கல்யாணங்கள் பல அத்தகையவையே. இருவரும் அதன்பின் பதினேழு வருஷம், அவளுடைய மரணம் வரையில், ஒன்றாக வாழ்ந்தார்கள். தன்னருகே நிற்பவரின் முகத்தைப் பார்க்கக் குனிய வேண்டாத ஒரு துணை இருவருக்கும் பூமியில் வேறெங்கும் எளிதில் கிடைத்திராது. 1872 மே மாதத்தில் லண்டனில் அன்னா ஒரு பெண் குழந்தையை ஈன்றாள். 18 பவுண்டு எடையுள்ள அக்குழந்தை உயிரோடு பிறக்கவில்லை.

பிரிட்டனில் மேலும் இரண்டு ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று சம்பாதித்தபின் அவர்கள் அமெரிக்கா திரும்பினார்கள். ஒஹாயோ மாகாணத்தில் மெடினா பிரதேசத்துச் செவில் என்ற அமைதியான கிராமத்தை அடுத்து நூற்று முப்பது ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அங்கே அவர்கள் கட்டிய வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். முன்பகுதியில் அவர்கள் வாழ்ந்த அறைகளின் கூரை பதினான்கு அடி உயரம். கதவுகள் எட்டரை அடி. நாற்காலி, மேஜை, கட்டில் யாவும் அவர்கள் தேகத்துக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. குனியாமல் வாசலைக் கடப்பதும், முழங்கால் மடங்கி முகவாயைத் தொடாமல் நாற்காலியில் அமர்வதும், காலை முழுவதும் நீட்டிப் படுப்பதும் பிறர்க்கு நினைவிலும் தோன்றாத சுகங்கள். அன்னா இருபத்தெட்டு வயதில் அவற்றை முதன்முதலாக அடைந்தாள். பிறந்த வீட்டில் தரையில் உட்கார்ந்து உண்ட பெண், தன் உயரத்துக்குச் சரியான மேஜையின்முன் நாற்காலியிட்டு அமர்ந்தாள். அந்த மேஜையின் விலையை அவள் எத்தனை ஆயிரம் கண்களுக்கு முன்னால் நின்று ஈட்டியிருந்தாள்!

இதனினும் என் மனத்தைக் கவர்ந்தது வீட்டின் பின்பகுதி. வேலைக்காரர்களுக்கும் விருந்தினர்க்கும் என அதைச் சாதாரண அளவிலேயே கட்டினார்கள். பொருந்தாத அளவுள்ள வீட்டில் வாழும் துன்பத்தை உலகத்தில் எவரினும் நன்றாக அறிந்தவர்களுக்கு, தங்கள் அளவைப் பிறர்மேல் சுமத்த மனம் வரவில்லை. ஆனால் முன்பகுதிக்கு வந்த விருந்தினர் அந்தப் பெரிய நாற்காலிகளில் ஏறி அமரும்போது, ஸ்விப்ட் எழுதிய கலிவரின் யாத்திரைக் கதை தனக்கு நினைவு வருவதாகப் பேட்ஸ் எழுதியிருக்கிறான். அந்த அறைக்குள் நுழைந்தவுடனே எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. அங்கே விசித்திரமானவர், காலைத் தரையில் ஊன்ற முடியாமல் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் விருந்தினரே. நியூயார்க்கில் குள்ளரை அருகே நிறுத்தி அவளுடைய வித்தியாசத்தை விலைகூறினார்கள். செவிலில் அவள் தானே அளவை நிர்ணயம் செய்தாள்.

கிராமத்தாரும் நாளடைவில் வியப்பு நீங்கி அவளை அண்டை வீட்டுக்காரியாக ஏற்றுக்கொண்டார்கள். பாப்டிஸ்ட் கோயிலில் அவர்களுக்கென்று பெரிய ஆசனம் அமைக்கப்பட்டது. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுக்கு வேதபாடம் கற்பிக்கும் பணியை அன்னா மேற்கொண்டாள். வகுப்பும் மாணவரும், பாடம் சொல்லும் ஆசிரியையுமாக, ட்ரூரோவில் கைவிட்டது இவ்வளவு தூரம் சுற்றிவந்து அவளுக்குக் கிட்டியது. வாரந்தோறும் பார்க்கும் குழந்தைகள் எவ்வளவு நாள்தான் ஒருவரை வேடிக்கை பார்ப்பார்கள்? பழக்கமே காட்சித் தொழிலின் சத்துரு; இதை அறிந்தே அத்தொழிலினர் ஓரூரில் நெடுநாள் தங்குவதில்லை.

பெரிய வீட்டுக்கும் உயர்ந்த ரகக் கால்நடைகளுக்கும் செலவு மிகுதி. ஆகவே 1878-இல் தம்பதிகள் மீண்டும் காட்சிக்குப் புறப்பட்டு, டபிள்யூ. டபிள்யூ. கோல் என்பவனுடைய சர்க்கஸோடு அமெரிக்காவின் பல பகுதிகளிலும் சுற்றினார்கள். அந்தப் பருவம் முடிந்து வீட்டில் இருக்கையில், 1879 ஜனவரி மாதத்தில், அன்னாவுக்கு இரண்டாவது பிரசவம் நேர்ந்தது. வைத்தியரின் கருவிகள் அத்தகைய பிரசவத்துக்கென்று செய்யப்பட்டவையல்ல. உதவிக்கு வேறொரு வைத்தியரையும் வரவழைத்து, மிகுந்த சிரமத்தின்பேரில் ஆண் குழந்தையை வெளிக்கொணர்ந்தார்கள். எடை 22 பவுண்டு; நீளம் 28 அங்குலம். பதினொரு மணி நேரம் உயிர்வாழ்ந்து அக்குழந்தை இறந்தது. உலகில் பிறந்த குழந்தைகளுள் மிக அதிக எடையுடையது என்று பதிவு நூல்கள் அதைத் திரும்பத் திரும்ப அச்சிட்டு வருகின்றன. பதினொரு மணி நேரமே உலகைக் கண்ட சிசுவுக்கும் ஒரு எண்ணைச் சூட்டி வரிசையில் நிறுத்திவிட்டோம். செவில் மயானத்தில் அதன் கல்லறைக்கல்லில் பெயரில்லை. குழந்தை என்று மட்டுமே பொறித்திருக்கிறது. துக்கம் ஆறுமுன்னரே சர்க்கஸுக்குப் போகவேண்டியதாயிற்று. 1880-க்குப் பின்னரே அவர்கள் அத்தொழிலை விட்டொழித்தார்கள்.

இவ்வளவு பெரிய வளர்ச்சிக்குக் காரணம் என்ன என்று சொல்லக்கூடிய வைத்தியர் அவள் காலத்தில் ஒருவரும் இல்லை. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி என்ற சிறிய சுரப்பியில் கட்டி தோன்றினால், எலும்புகளின் நுனிகள் இறுகுமுன் வளர்ச்சி ரசம் மிதமிஞ்சிச் சுரந்து நெடுமேனி உண்டாகும் என்பது பின்னால் தெளிந்த உண்மை. பியர் மாரி என்ற பிரெஞ்சு வைத்தியர், முதிர்ந்தோரிடத்தில் இதே கோளாறு உண்டாக்கும் நோயைப் பெயரிட்டு விவரித்ததே 1886-இல்தான். 1909-இல் ஹார்வி குஷிங் என்பவர் சார்லஸ் பர்னுடைய கபாலத்தைத் திறந்து, அச்சுரப்பி தங்கியிருந்த குழி பெரிதாகியிருப்பதைக் கண்டார். அன்னாவுக்கு இவையெல்லாம் தெரிய வழியில்லை. இவ்வகை தேகம் படைத்தோருக்கு இருதயமும் மூட்டுகளும் சீக்கிரம் தளர்ந்துபோவது சகஜம்; அவளும் நாற்பதாவது வயதுக்குள்ளேயே சோர்ந்துவிட்டாள். 1888-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 5-ஆம் தேதி, நாற்பத்திரண்டு வயது பூர்த்தியாவதற்கு ஒருநாள் இருக்கையில், தன் வீட்டிலே இறந்தாள்.

பேட்ஸ் கிளீவ்லாந்து நகரத்துக்குத் தந்தியடித்து, அளவைக் குறிப்பிட்டுச் சவப்பெட்டி ஒன்று அனுப்பும்படி கேட்டான். பெட்டி செய்பவர்கள் தந்தியில் எண்கள் பிழையாக வந்துவிட்டன என்று தாங்களே முடிவுகட்டி, சாதாரண அளவில் ஒன்றை அனுப்பிவைத்தார்கள். சரியான பெட்டி வந்து சேரும்வரை அடக்கம் தாமதமாயிற்று. வாழ்நாள் முழுவதும் அவளுடைய அளவைக் கூட்டிச் சொன்னார்கள். இறந்தபின் மெய்யான அளவைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. மனைவியின் உடலருகே அந்தத் தாமத நாட்களில் அமர்ந்திருந்த கணவனுடைய வேதனையைச் சொல்லி முடியாது. மௌண்ட் ஹில் மயானத்தில், குழந்தையின் பக்கத்தில் அவளை அடக்கம் செய்து, கிரேக்க தேவதையைப் போன்ற ஒரு சிலையை வரவழைத்து அவ்விடத்தில் நிறுத்தினான்.

தனக்கும் அந்தக் கதி நேரக்கூடாது என்று தீர்மானித்து, தன் சொந்த அளவுக்கு ஒரு சவப்பெட்டி செய்வித்துத் தன் களஞ்சியத்திலேயே பத்திரமாக வைத்துக்கொண்டான். அயலார் இதை ஒரு விபரீத குணமாகப் பேசியிருக்கக்கூடும்; கண்ணாடிக்குள் நின்ற பர்னுடைய எலும்புக்கூட்டை நினைவில் வைத்திருப்பவர்க்கு இதில் விபரீதம் ஒன்றும் தோன்றாது. பின்னர் பேட்ஸ் ஒரு பாதிரியாரின் மகளை மறுமணம் செய்துகொண்டான். அவள் சாதாரண உயரமுள்ளவள். ஆகையால் பெரிய வீட்டை விற்றுவிட்டுக் கிராமத்துக்குள் ஒரு சாதாரண வீட்டில் குடியேறி, இப்போது அவன் அவளுடைய வாசலில் குனிந்து நுழைந்தான். 1948-இல் அந்தப் பெரிய வீட்டை இடித்துவிட்டார்கள். 1919 ஜனவரியில், எண்பத்தோராவது வயதில், பேட்ஸ் காலமானான். களஞ்சியத்தில் காத்திருந்த அந்தப் பெட்டியிலேயே அவனை வைத்து, அன்னாவுக்கும் சிசுவுக்கும் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.